பல் போனால் எஞ்சின் போச்சு!

இடுப்பில் கட்டுகிற பெல்ட் அறுந்தால் மானம் போகும். அப்போதுகூட ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடலாம். கார் எஞ்சினுக்குள் இருக்கிற பெல்ட் அறுந்தால்? வண்டி நடு ரோட்டில் நிற்கும். அப்புறம் மெக்கானிக் சொல்கிற தொகையைக் கேட்டு நாமும் நிற்போம், திறந்த வாயை மூடாமல்!

'பெட்ரோல் போட்டோமா, டயருக்குக் காத்து அடிச்சோமா, போயிட்டே இருந்தோமான்னு இல்லாம, எஞ்சினுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்கு எதுக்குய்யா?' என்று கேட்கும் கட்சியா நீங்கள்? நல்லது. ஆனால் லோன் போட்டு ஒரு செகண்ட்ஹேண்ட் கார் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது அடுத்த போனஸில் வாங்கலாம் என்று இருக்கிறீர்கள் என்றால், இந்த ஒரு சமாசாரத்தை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பெயர்: டைமிங் பெல்ட்.

எஞ்சினின் அடிவயிற்றில் க்ராங்க் ஷாஃப்ட். தலையில் கேம் ஷாஃப்ட். கீழே இருப்பவர் பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றுகிறவர். மேலே இருப்பவர் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர். க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த இருவரையும் இணைத்து வைத்திருப்பது, உள்பக்கம் பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். டாக்கோ மீட்டரில் முள் 3,000-ஐக் காட்டுகிறதென்றால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது என்று அர்த்தம். நீங்கள் ஏ.ஸி. போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி போகும்போது உள்ளே இந்தத் தாண்டவம் நடந்துகொண்டிருக்கிறது!

இந்தப் பல் பெல்ட் காருக்காகப் பிறந்தது அல்ல. 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காகச் செய்தார்கள். மேலே ஊசியும் கீழே பாபினும் ஒரே தாளத்தில் போகவேண்டுமே! அப்புறம் 1962-ல் ஜெர்மனியின் 'கிளாஸ்' என்ற சின்னக் கம்பெனி தன்னுடைய 1004 மாடல் காரில் இதை மாட்டி விற்பனைக்கு விட்டது. சங்கிலியைவிட விலை குறைவு, சத்தமும் குறைவு. சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன.

நம் ஊரில் அம்பாசடர், பத்மினி காலத்தில் சங்கிலிதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது பெல்ட்டும் கூடவே வந்தது. ஜென், பழைய ஸான்ட்ரோ, ஃபியட் பாலியோ, வெரிட்டோ டீசல், டஸ்டர் டீசல், போலோ டீசல், ஈகோஸ்போர்ட் டீசல் எல்லாம் பெல்ட் ஜாதி. ஸ்விஃப்ட் டீசல், மாருதியின் கே ஸீரீஸ் பெட்ரோல் வண்டிகள் எல்லாம் சங்கிலி ஜாதி. ஒரே பெயருள்ள காரிலேயே ஒரு எஞ்சினுக்குப் பெல்ட், இன்னொன்றுக்குச் சங்கிலி என்றும் இருக்கும். ஆகவே கார் பேரைச் சொல்லித் தீர்மானிக்காதீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

சரி, அறுந்தால் என்ன ஆகும்?

கேம் ஷாஃப்ட் அப்படியே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். க்ராங்க் மட்டும் வந்த வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். மேலே ஏறி வரும் பிஸ்டன், தொங்கிக்கொண்டிருக்கும் வால்வில் போய் மோதும். வால்வு வளையும். சில சமயம் பிஸ்டனே அடிவாங்கும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம். தப்பிக்க வழியே கிடையாது. சில பெட்ரோல் எஞ்சின்களில் மோதாதபடி இடைவெளி விட்டிருப்பார்கள். அவர்கள் பாக்கியசாலிகள், புது பெல்ட்டோடு பிழைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு, 'ஹெட்டை இறக்கணும் ஸார்!'

அதோடு போனதா? எஞ்சின் நின்ற அந்த நிமிஷமே பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிறகு கல் மாதிரி ஆகிவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில், பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது இது நடப்பதாகக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

இனி என் கதை.

நான் வாங்கியது 2012 மாடல் வெரிட்டோ டீசல். 2007-ல் லோகன் என்ற பெயரில் வந்து, 2011-ல் வெரிட்டோ என்று பெயர் மாறிய அதே வண்டி. உள்ளே 1.5 லிட்டர் ரெனோ எஞ்சின். ஓடியிருப்பது 84,000 கிலோமீட்டர். விற்றவர் நல்ல மனிதர், வங்கியிலிருந்து ரிட்டயர் ஆனவர். "டைமிங் பெல்ட் மாத்தியாச்சு தம்பி. நீங்க கவலையே பட வேண்டாம்" என்றார்.

"பில் இருக்கா ஸார்?"

"பில் எங்கேயோ இருந்துச்சு..."

எந்த வங்கியிலாவது 'பணம் கட்டியாச்சு, சலான் எங்கேயோ இருந்துச்சு' என்றால் ஒத்துக்கொள்வார்களா? அவரிடமே கேட்க நாக்கு துடித்தது. வயசில் பெரியவர் என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு. பில் இல்லாத பெல்ட், மாற்றாத பெல்ட்!

எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணனும் அதையே சொன்னார். "கண்ணால பாத்து வயசு சொல்ல முடியாது ஸார். இப்ப வர்ற பெல்ட்டெல்லாம் வெடிப்பே காட்டாது. உள்ளே இருக்கற கண்ணாடி நார் போச்சுன்னா பட்டுனு போயிடும். கிட்டா வாங்கிட்டு வாங்க, போட்டுரலாம்."

அந்த 'கிட்' என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்ட்டரில்.

"என்ன வண்டி ஸார்?"

"வெரிட்டோ டீசல். 2012."

உள்ளே போனவர் பெட்டியில்லாத ஒரு பெல்ட்டை மாலை மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "இந்தாங்க. லோக்கல்தான். நல்லாவே ஓடும். கம்பெனி அயிட்டம் வேணும்னா விலை ஜாஸ்தி."

"எஞ்சின் நம்பரே கேக்கலையே?"

"இருபது வருஷமா இதே கவுன்ட்டர்ல நிக்கறேன் ஸார். வண்டி பேரைச் சொன்னா போதாதா?"

ஆர்.ஸி. புத்தகத்தை எடுத்து வைத்தேன். கம்ப்யூட்டரைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்தார். பிறகு குரல் ஒரு ஸ்தாயி இறங்கியது. "பெல்ட் இதே அளவுதான் ஸார். 123 பல்லு, 27 மில்லிமீட்டர் அகலம். ஆனா டென்ஷனர்ல ரெண்டு தினுசு இருக்கு. உங்களுக்கு வர்றது வேற."

அதே எஞ்சின் குடும்பம்தான் டஸ்டரிலும் நிஸான் ஸன்னி டீசலிலும். பெட்ரோல் வெரிட்டோவுக்கோ பெல்ட்டே வேறு. இத்தனை பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்கள் என்று யார் கண்டது? எஞ்சின் நம்பரும் 17 இலக்க சேஸிஸ் நம்பரும்தான் அடையாள அட்டை.

கவுன்ட்டரில் மூன்று சாய்ஸ். ஒன்று, பெட்டியில்லாத லோக்கல் பெல்ட். இரண்டு, பெயருள்ள கம்பெனியின் பெல்ட் மட்டும். மூன்று, அதே கம்பெனியின் முழு கிட்: பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், புது போல்ட்டுகள். விலை, வெறும் பெல்ட்டைப் போல நாலு மடங்கு. மாசக் கடைசி. மனசு இரண்டாம் நம்பர் பக்கம் சாய்ந்தது உண்மைதான்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்லியது. பெல்ட்டைத் தொடுவதற்கு முன்பக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், எஞ்சின் மவுன்ட்டை இறக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும். ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. டென்ஷனர் போனாலும் அதே வேலை, அதே கூலி. இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் இறுகிப் போனால் பெல்ட் பல் உதிரும். தண்ணீர் கசிந்தால் பெல்ட் கெடும். புது பெல்ட்டைப் பழைய பேரிங் மேல் ஓட்டுவது, புதுச் செருப்புக்குப் பழைய வார் போட்ட கதை. மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டு, பார்ட் நம்பர் போட்ட பில்லையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தார் அண்ணன். உள்ளே எட்டிப் பார்த்த எனக்கு ஆச்சரியம். பெல்ட் பளபளவென்று இருந்தது! மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. ரிட்டயர்டு வங்கிக்காரர் சொன்னது நிஜம்தான். பெல்ட் மாற்றித்தான் இருக்கிறார்.

"அப்போ தேவையில்லாத செலவாண்ணே?" என்றேன்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. டென்ஷனரைக் கழற்றி என் காதருகே வைத்து விரலால் சுற்றிவிட்டார். கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு கிட்டில் வந்த புது டென்ஷனரைச் சுற்றினார். சத்தமே இல்லை, கொஞ்சம் சுற்றிவிட்டுக் கனமாக நின்றது.

"கிரீஸ் இருந்தா இப்படித்தான் நிக்கும். கிரீஸ் காஞ்சு போனதுதான் இப்படி ஜாலியா சுத்தும். இது வண்டியோட பொறந்தது ஸார். பெல்ட்டை மட்டும் மாத்திட்டு இதை அப்படியே விட்டுட்டாங்க. இது இறுகிப் போயிருந்தா உங்க புது பெல்ட் என்ன, தங்கத்துல செஞ்ச பெல்ட்டா இருந்தாலும் அறுந்திருக்கும்."

வாட்டர் பம்ப்பின் அடியில் காய்ந்துபோன கூலன்ட் தடம் ஒன்று. அதுவும் கிளம்பத் தயாராகத்தான் இருந்தது!

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரோ பாதி வேலை செய்து முழு வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். பாதி நிஜம் எஞ்சினுக்குப் போதாது, அவ்வளவுதான்.

வாங்கப்போகிறவர்கள் கவனிக்க, நான் தெரிந்துகொண்டது இவ்வளவு:

1. கடைக்குப் போகும்போது ஆர்.ஸி. கையில் இருக்கட்டும். எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். வண்டி பெயர், வருஷம் மட்டும் போதாது.

2. கிட்டாகவே வாங்குங்கள். பெல்ட் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிற எஞ்சின் என்றால் பம்ப் சேர்ந்த கிட். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐட்லர் புல்லி உள்ள எஞ்சினுக்கு அதுவும் இருக்கவேண்டும்.

3. கேட்ஸ், கான்டிடெக், டேகோ, ஐ.என்.ஏ., எஸ்.கே.எஃப். போன்ற பெயருள்ள கம்பெனிகள் கிட் செய்கின்றன. பெயர் இருக்கிற இடத்தில் போலியும் இருக்கும். சீல் உடைந்த பெட்டி, எழுத்துப்பிழை, மங்கலான அச்சு, எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இல்லாதது, நம்ப முடியாத தள்ளுபடி இதில் எது இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

4. வெயிலில் ஆணியில் தொங்கும் பெல்ட், மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பெல்ட், இரண்டும் வேண்டாம். கூர்மையாக மடித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நார் உடையும். வெளியே தெரியாது.

5. மாட்டுவதற்குமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பல் எண்ணுங்கள், அகலம் பாருங்கள். ஒரு பல் வித்தியாசம் என்றாலும் திரும்பக் கடைக்கு.

6. என் எஞ்சின் மாதிரி சிலவற்றுக்கு க்ராங்க், கேம் இரண்டையும் அசையாமல் பிடிக்க டைமிங் பின்கள் உண்டு. 'பெயின்ட் மார்க் போட்டு மாத்திடலாம் ஸார்' என்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள்.

7. ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளிபெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது கிழிந்து நூல் உள்ளே போய் டைமிங் பெல்ட்டைச் சாய்த்த எஞ்சின்கள் உண்டு.

8. எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? பல வண்டிகளுக்கு 60,000 முதல் 1,00,000 வரை. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது புத்தகத்தில் இருக்கும். கூடவே வருஷக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அது. ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டியின் ரப்பருக்கும் வயசாகும், நமக்கு ஆகிற மாதிரியே!

இன்னும் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்று, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறது என்றால் பெல்ட் போயிருக்கலாம். 'இன்னொரு தடவை ட்ரை பண்ணு மாப்ளே' என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். பண்ணாதீர்கள். ஒவ்வொரு ட்ரையும் இன்னொரு வால்வு. இறங்கி, வண்டியை ஓரமாகத் தள்ளி, டோயிங்குக்கு போன் போடுங்கள்.

வேலை முடிந்ததும் பானெட்டின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். தேதி, கிலோமீட்டர், பார்ட் நம்பர். நாளைக்கு இந்த வண்டியை வாங்கப்போகிற பையன், 'பில் இருக்கா ஸார்?' என்று என்னிடம் கேட்பான் அல்லவா?

இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் உங்கள் கார் டேஷ்போர்டைத் திறந்து, பழைய பில்களைக் கொஞ்சம் புரட்டுங்களேன். டைமிங் கிட் மாற்றிய பில் இருந்தால் பாட்டைப் போட்டுக்கொண்டு ஜாலியாக வீட்டுக்குப் போங்கள். 'பெல்ட்' என்று மட்டும் எழுதியிருந்தாலோ, பில்லே இல்லாவிட்டாலோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்கு ஒதுக்குங்கள். மற்ற பாகங்கள் கெடுவதற்கு முன்னால் முனகும், புகையும், சொட்டும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் பேசும்.

அதைக் கேட்கிற நிலைமை நம் எதிரிக்கும் வரவேண்டாம்!