கைவிட்ட பாத்தியும் கைகொடுக்கும் கன்றுகளும்

யாழ்ப்பாணத்து வீடுகளுள் அநேகமானவற்றிலே கிணற்றடியை அண்டியோ குசினிக்குப் பின்புறமாகவோ ஒரு சிறு பாத்தியைக் காணலாம். ஒரு காலத்தில் அங்கே பூவும் கீரையும் செழித்திருக்கும். வீட்டிலுள்ளோர் தொழிலுக்கென்றும் படிப்புக்கென்றும் பிரிந்து சென்றபின், பார்ப்பாரற்ற அப்பாத்தியில் கோரையும் நெருஞ்சியும் குடியேறிவிடும். “அதைத் திருத்த யாருக்கு நேரமிருக்கிறது?” என்பதே கேட்ட இடமெல்லாம் கிடைக்கும் மறுமொழி.

எங்கள் அயலில் வாழும் ஆச்சி ஒருவரின் வளவிலும் இத்தகைய பாத்தி ஒன்று இருந்தது. நீளம் 12 அடி. அகலம் 4 அடி. கணவர் உயிரோடிருந்த காலத்தில் அவரே அதைப் பராமரித்து வந்தார். அவர் மறைந்தார், பிள்ளைகள் மூவரும் கடல் கடந்த தேசங்களில் வாழ்கின்றனர். ஆச்சிக்கோ முழங்கால் வலி; வாளி நிறைய நீர் தூக்க இயலாது. தாயின் தனிமையைப் போக்க எண்ணிய மகள், பணம் அனுப்பிப் பன்னிரண்டு உரோசாக் கன்றுகளை நடுவித்தார். நீரூற்ற வந்த கூலியாள் சில வாரங்களில் நின்றுவிட்டார். பங்குனி வெயிலில் பன்னிரண்டு கன்றுகளும் கருகின.

அதன் பின்னர் ஒருநாள் ஆச்சியைக் காணச் சென்றிருந்தேன். வீட்டின் பின்கதவு தாழிடப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். “பிள்ளை, கண்டுகள் வாடிக் கிடக்கிறதைப் பாக்க மனம் பொறுக்கேல்லை. அதுதான் கதவைத் திறக்கிறேல்லை” என்றார்.

அந்த மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. பிழை ஆச்சியிடத்தில் இல்லை; மண்ணிடத்திலும் இல்லை. இருக்கின்ற கைகளுக்கும் கிடைக்கின்ற நீருக்கும் பொருந்தாத கன்றுகளைத் தெரிந்தெடுத்ததே பிழை. நாள் தவறாது நீரும், அடிக்கடி கத்தரிப்பும், பூச்சிக்குக் காவலும் வேண்டி நிற்பது உரோசா. முதுமையும் தனிமையும் உள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று.

மண்ணை அறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அம்மழை செம்மண்ணூடாகவும் அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லூடாகவும் விரைந்து இறங்கி நிலத்தடி நீராகச் சேர்கிறது. அதையே நாம் கிணற்றிலே அள்ளுகிறோம். இதிலிருந்து இரு உண்மைகள் விளங்கும். முதலாவது, மேல்மண் விரைவில் காய்ந்துவிடும். இரண்டாவது, மண்ணில் நாம் இடுவது எதுவும் நாளடைவில் கிணற்றை எட்டக்கூடும். செயற்கை உரத்திலுள்ள நைத்திரேற்று இவ்வாறே குடிநீரிற் கலக்கிறது. ஆகவே, கிணற்றடிப் பாத்திக்கு உரமும் களைநாசினியும் வேண்டாத கன்றுகளே உகந்தவை. இது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானம் அன்று; வீட்டாரின் உடல்நலம் பற்றிய விஷயம்.

களைக்கு ஒரு போர்வை

புரட்டாதியிலே வேலையைத் தொடங்கினோம். கோரையை மேலே வெட்டிவிடுவதிற் பயனில்லை. மண்ணுள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். மண்வெட்டியாற் கிளறிக் கிழங்குகளைப் பொறுக்கி எடுத்தோம். பார்த்தீனியம் முளைத்திருந்தால் பூக்கு முன்னரே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அது தோலிலே அரிப்பையும் சிலருக்கு மூச்சுத்திணறலையும் உண்டாக்கும்.

அதன்பின் பாத்தியின் நடுவே ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு சால் வெட்டித் தென்னம் பொச்சுகளை நெருக்கமாக அடுக்கி, மண்ணால் மூடினோம். பொச்சு மழைநீரை உறிஞ்சி வைத்து, வறட்சியிலே வேர்களுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். தென்னந்தோட்டக்காரர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. பொச்சையும் சிரட்டையையும் நிலத்தின் மேலே வெறுமனே போடலாகாது. அவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே டெங்கு நுளம்பு பெருகப் போதுமானது.

மண்ணின் மேலே, வாசித்து முடித்த பத்திரிகைத் தாள்களை எட்டுப் பத்து மடிப்பாக விரித்து நனைத்தோம். இந்த ஞாயிறு இதழும் ஒருநாள் அந்தத் தொண்டுக்கு உதவலாம்! அதன் மேல் மாவிலை, பூவரசமிலை முதலிய சருகுகளை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினோம். வெளிச்சம் கிட்டாத களைவிதை முளைப்பதரிது. வெயில் நேரே படாத மண் எளிதில் உலர்வதுமில்லை. உக்கிய சருகு பின்னர் பசளையாகும். கறையான் ஏறாதிருக்கும்பொருட்டுச் சுவரிலிருந்தும் கன்றின் தண்டிலிருந்தும் ஒரு சாண் இடைவெளி விடுதல் நன்று.

எவற்றை நடலாம்?

ஐப்பசியின் முதல் மழை விழுந்ததும் நட்டோம். வேரூன்றும் காலம் முழுவதும் வானமே நீர் வார்க்கும் அல்லவா? ஒரு கன்றுக்கேனும் பணம் கொடுக்கவில்லை. யாவும் அயல் வீட்டு வேலிகளிலிருந்து கேட்டுப் பெற்ற தடிகளும் விதைகளுமே.

வேலி ஓரமாகச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வைத்தோம். இரண்டும் தடியிலிருந்தே வளரும். பூசைக்குப் பூவும் தரும். அவற்றின் முன்னே பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்று சொல்லப்படுவதும் இதுவே. மடகஸ்கார் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி எந்த வெயிலுக்கும் அஞ்சாது. தானே விதை சிந்தித் தானே முளைக்கும். 1950களின் இறுதியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆராய்ச்சிகளால், இதிலிருந்து புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அவற்றுள் ஒன்று இன்றும் பயன்படுகிறது. எனினும், இலையை வீட்டில் அவித்துக் குடித்தல் ஆபத்தானது என்பதை மறக்கலாகாது.

அடுத்து அந்திமந்தாரை. மாலையில் மலரும் இச்செடியின் தண்டு வறட்சியிலே மடிந்தாலும், நிலத்துள் இருக்கும் கிழங்கு மழை கண்டதும் துளிர்க்கும். பாத்தியின் விளிம்பிலே பத்துமணிப்பூ. தடித்த சிற்றிலைகளில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடி இது. ஒரு மூலையிற் கற்றாழையும், நிழல் விழும் மறுமூலையில் இருமலுக்கு உதவும் கற்பூரவள்ளியும் இடம்பெற்றன. வேலியிலே பசளிக்கொடியைப் படரவிட்டோம். வாரத்தில் ஒருநாட் கறிக்கு அது போதும்.

அதிக வெயில் படும் வளவாயின் போகன்விலா நடலாம். நீர் மிகுந்தால் இலையையும், நீர் குறைந்தால் நிறத்தையும் தரும் விநோதச் செடி அது. முள்ளுடையதாதலால் நடைபாதைக்கு விலகி நட வேண்டும்.

பராமரிப்பின்றி வளரும் என்பதற்காக எதையும் நட்டுவிடலாகாது. மஞ்சள் அலரி எவ்வித கவனிப்புமின்றி வளரும். ஆயின் அதன் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வளவில் அது வேண்டவே வேண்டாம்.

நீருக்கு ஓர் உபாயம்

தை பிறந்து மழை ஓய்ந்ததும், கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி மூன்று மண்முட்டிகளைப் பாத்தியிற் புதைத்தோம். மெருகு பூசாத முட்டியின் சுவரூடாக நீர் சிறிது சிறிதாகக் கசியும். அயலிலுள்ள வேர்கள் வேண்டிய அளவு குடிக்கும். மூன்று நான்கு நாளுக்கொருமுறை நிரப்பினாற் போதும். நுளம்பு புகாதவாறு வாயை இறுக மூடி வைக்க வேண்டும். அரிசி கழுவிய நீரையே ஆச்சி ஒரு சிறு செம்பில் எடுத்துச் சென்று அவற்றில் வார்க்கிறார்.

உண்மையைச் சொல்லவும் வேண்டும். உழைப்பே வேண்டாத தோட்டம் உலகில் இல்லை. முதல் இரண்டு மாதங்களும் அயல் மாணவர் சிலர் சனிக்கிழமைகளில் வந்து களை பிடுங்கினர். முளைத்த களையை முதலில் விட்டுவிட்டால், பின்னர் இரட்டிப்பு வேலையாகும். இப்பொழுது மாதம் ஒருமுறை அரைமணி நேரம் போதுமானதாயிருக்கிறது. நட்ட செவ்வரத்தைகளுள் ஒன்று பட்டுப்போயிற்று. அவ்விடத்தைப் பட்டிப்பூ தானாகவே நிரப்பிக்கொண்டது.

உங்கள் வளவிலும் இத்தகைய பாத்தி ஒன்று இருக்கலாம். அல்லது உங்கள் அயலிலே தனித்து வாழும் முதியவர் ஒருவரின் வளவில் இருக்கலாம். எதை நடுவது என்று எண்ணுமுன், யார் பார்ப்பது, எவ்வளவு நீர் ஊற்ற இயலும் என்று எண்ணுங்கள். மாணவர்களே, விடுமுறையில் இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கினால் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

சென்ற வாரம் மாலை ஐந்து மணியளவில் ஆச்சி வீட்டுக்குப் போனேன். அந்திமந்தாரை மலரும் நேரம். முன்புறத்தில் ஆளைக் காணவில்லை. வீட்டினூடே நடந்து சென்றேன். பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. படிக்கட்டிலே அமர்ந்திருந்த ஆச்சி திரும்பிப் பார்த்து, “வா பிள்ளை, இதிலை இரு” என்று தமக்கருகே இடம் காட்டினார்.