ஒரு துளை, மூன்று பெட்டிகள்

பெரகல சந்திக்கு மேலே, லயன் வீடொன்றில் எனக்குத் தெரிந்த அக்காவின் டிவிக்கு ஒரேயொரு எச்டிஎம்ஐ துளைதான். டிஷ் பெட்டி, மகனின் லேப்டொப், டிவிடி பிளேயர் மூன்றுக்கும் அதுவே. வயரை மாற்றி மாற்றிச் செருகி, துளை ஆடத் தொடங்கியிருந்தது. மழை இரவில் படம் வராவிட்டால் மண்சரிவு எச்சரிக்கையும் தெரியாது. 2014 ஒக்டோபர் 29 காலை, பக்கத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யார் மறப்பார்கள்?

எச்டிஎம்ஐ சுவிட்ச் ஒன்று வாங்கிப்போனேன். மூன்று பெட்டிகளின் வயர்களும் அதற்குள். அதிலிருந்து ஒரே வயர் டிவிக்கு. பொத்தானை அழுத்தினால் பெட்டி மாறும். கடையில் ‘ஸ்பிளிட்டர்’ தந்தால் வாங்காதீர்கள். அது ஒரு பெட்டியின் படத்தைப் பல டிவிகளுக்குப் பிரிப்பது. வயர் நீளமென்றால் தனி மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் நல்லது.

டிஷ் பெட்டியை முதலாம் துளையில் செருகினோம். அந்த விளக்கின் பக்கத்தில் அக்கா பிளாஸ்டர் ஒட்டி, ‘செய்தி’ என்று எழுதிவிட்டார்.