தராசு சொல்லாததை அளவு நாடா சொல்லும்



உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா? அப்படியானால் அதன் லாச்சிக்குள் ஓர் அளவு நாடாவும் கட்டாயம் இருக்கும். பிள்ளைகளின் பெருநாள் உடுப்புக்கு அளவெடுக்கும் அந்த நாடாவால் உங்கள் இடுப்பை நீங்கள் கடைசியாக அளந்தது எப்போது?

"நான் அப்படியொன்றும் பருமன் இல்லையே, எனக்கெங்கே சீனி வருத்தம் வரப்போகிறது?" என்கிறோம். "வயிறு மட்டும்தான் கொஞ்சம் முன்னுக்கு. மூன்று பிள்ளை பெற்ற வயிறு வேறெப்படி இருக்கும்?" என்று சொல்லிச் சிரித்தும் விடுகிறோம். நம்மை ஏமாற்றுபவை இந்த இரண்டு பேச்சுகளும்தான். உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இடத்தைப் பொறுத்தே ஆபத்து

இதை முதன்முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரைச் சேர்ந்த டொக்டர் ஜான் வாக். ஒரே அளவு பருமனுள்ளவர்களில் சிலருக்கு மட்டும் நீரிழிவு வருவதேன் என்று அவர் ஆராய்ந்தார். இடுப்புக்குக் கீழே, தொடையில் சதை வைத்தவர்களைவிட வயிற்றிலும் உடலின் மேற்பாகத்திலும் சதை வைத்தவர்களையே அந்த நோய் அதிகம் பிடிக்கிறது என்று 1947இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

காரணம் இதுதான். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு, பெட்டகத்தில் பூட்டி வைத்த சாமான் போன்றது. பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு அப்படியல்ல. அது ஓயாமல் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் நேரே ஈரலுக்குப் போவதால் அந்தக் கொழுப்பும் அங்கேயே போய்ச் சேருகிறது. கொழுப்பு படிந்த ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. நாம் சாப்பிடாமல் உறங்கும் நேரத்திலும் தேவைக்கு அதிகமாகச் சீனியை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதைச் சமாளிக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. வருடக்கணக்கில் இப்படி உழைத்து ஒரு நாள் அதுவும் களைத்துப் போகிறது. அன்றுதான் இரத்தப் பரிசோதனையில் சீனி தலைகாட்டுகிறது. ஆனால் நோயின் வேர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடித்துவிட்டது.

2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. பருமனான பெண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து, தோலுக்கடியிலிருந்த கொழுப்பில் சுமார் 10 கிலோவை உறிஞ்சி எடுத்தார்கள். உடல் மெலிந்தது. ஆனால் இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றமே இல்லை. வெளியே இருந்தது போயிற்று, உள்ளே இருந்தது அப்படியே இருந்தது!

நம்மவர் உடம்பின் தன்மை

இந்த விடயத்தில் தெற்காசியர்களான நாம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1991இல் லண்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 40 முதல் 69 வயது வரையானவர்களை ஒப்பிட்டது. ஐரோப்பியரில் நூற்றுக்கு 4 பேருக்கு நீரிழிவு இருந்தது. அங்கு குடியேறி வாழ்ந்த தெற்காசியரிலோ நூற்றுக்கு 19 பேருக்கு இருந்தது. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களது கொழுப்பு வயிற்றுப் பக்கமே கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

இன்னொரு சான்றைப் பாருங்கள். பூனே நகர டொக்டர் யாஜ்னிக், லண்டன் டொக்டர் யுட்கின் இருவரும் 2004இல் தம் உடல்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்கள். ஆனால் யுட்கினின் உடம்பில் 9.1 வீதமே கொழுப்பு. யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம்! தராசு இருவரையும் ஒரே கணக்கில்தான் வைத்தது.

நமது நாட்டின் நிலை என்ன? 2005-2006 கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் சுமார் 10 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. 2018-2019இல் நடந்த ஆய்வில் அது சுமார் 23 வீதமாகக் காணப்பட்டது. சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேட வேண்டிய காலம் இது.

அளந்து பாருங்கள்

நமது தளர்ந்த உடை நமது கண்ணியத்தைக் காக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து வருவதை அது நமக்கே தெரியாமல் வைத்துவிடுகிறது. ஆண்களின் சாரனும் அப்படித்தான். எவ்வளவு பெருத்தாலும் தளர்த்திக் கட்டிக்கொள்ளலாம். ஆகவே நாடாவைத்தான் கேட்க வேண்டும்.

நிமிர்ந்து நில்லுங்கள். விலா எலும்பின் கடைசி நுனிக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, உடுப்புக்கு மேலாக அல்லாமல் வெறும் உடம்பில் நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். நாடாவை இறுக்கவும் வேண்டாம். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் அளவைப் பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம், எச்சரிக்கை எல்லை. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், சுமார் முப்பத்தைந்தரை அங்குலம். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது.

எல்லையைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்று அர்த்தமல்ல. தாண்டாதவர்களுக்கு வராது என்றும் அர்த்தமல்ல. ஆனால் தாண்டியவர் இரத்தத்தைப் பரிசோதிக்கத் தாமதிக்கக் கூடாது. கீழ்வருவோரும் அப்படியே:

• உம்மா, வாப்பா அல்லது கூடப்பிறந்தவர்களுக்கு நீரிழிவு உள்ளவர்கள்.
• கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்தவர்கள். பிள்ளை பிறந்ததும் அது இறங்கிவிட்டாலும் பிற்காலத்தில் திரும்பி வரக்கூடும்.
• மாதவிடாய் நின்றவர்கள். அந்த வயதுக்குப் பின் பெண்ணின் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறுகிறது.
• கழுத்தின் பின்புறம் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருப்பவர்கள். இதை ஊத்தை என்று நினைத்துத் தேசிக்காய் போட்டுத் தேய்க்க வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 100க்குக் குறைவாக இருப்பது நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவு. இடைப்பட்டது நோயின் வாசற்படி. வாசற்படியிலிருந்து திரும்பி வர முடியும். அரசாங்க சுகவாழ்வு நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்பளவும் இரத்தச் சீனியும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன.

உள்ளே இருப்பது முதலில் கரையும்

நல்ல செய்தி ஒன்று உண்டு. சாப்பாட்டைக் குறைத்து உடம்பை அசைத்தால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத்தான் வேகமாகக் கரைகிறது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயின் வாசற்படியில் நின்றவர்கள் உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் பழக்கப்பட்டார்கள். நீரிழிவு வருவது 58 வீதத்தால் குறைந்தது. சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. அங்கும் உணவு, நடை மாற்றத்தால் 28.5 வீதம் குறைந்தது.

வயிற்றை மட்டும் குறைக்கவென்று விற்கப்படும் பட்டிகளிலும் எண்ணெய்களிலும் காசைக் கொட்டாதீர்கள். வேகமாக நடவுங்கள். வெளியே போக வசதியில்லையா? முற்றமும் மேல்மாடியும் போதும். ஸுபஹுக்குப் பின் அயலிலுள்ள ராத்தாமாரும் மாமிமாரும் சேர்ந்து நடப்பது இன்னும் நல்லது. தொழுகை நமது இபாதத். அதையே உடற்பயிற்சியாகக் கணக்கெழுதி நடையை விட்டுவிட வேண்டாம்.

சமையலறையில் முதலில் தேத்தண்ணியைப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துத் தேக்கரண்டி! ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பதே நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கோப்பையில் சீனியைப் பாதியாக்குங்கள். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தை வல்லாரைச் சம்பலாலும் கீரையாலும் பருப்பாலும் மீனாலும் நிரப்புங்கள். நோன்பு திறக்கும் மேசையில் பொரித்தவை ஒரு வகை போதும். வட்டிலப்பம் பெருநாளுக்கு இருக்கட்டும். வாரந்தோறும் வேண்டாம்.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு பானத்துக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற அளவை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்திருக்கிறார்கள். அந்த மூன்றாவது பங்கைக்கூட விட்டுவைக்காமல் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதை அன்பு என்று நாம் நினைக்கிறோம்.

சகோதரியே, வீட்டில் எல்லோருக்கும் அளவெடுத்துத் தைப்பவள் நீங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று நின்றபடியே சாப்பிட்டு முடிப்பவளும் நீங்கள்தான். உங்கள் உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதமே. இந்த வாரத்துக்குள் உங்களையும் உங்கள் கணவரையும் பெற்றோரையும் அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளவுங்கள். ஓர் அங்குலம் குறைந்திருந்தாலும் அது பெரிய வெற்றி.

வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் சரீர சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.