நுகத்தடியும் இணைப்புக் கொழுக்கியும்: இழுவைப் பாரம் பற்றிய ஒரு நோக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டி–யாழ்ப்பாண வீதியில் அமைந்துள்ள ஊர் பலாபத்வல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையிலிறங்கிய தமிழகத் தொழிலாளர், தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தது இவ்வடபாதை வழியாகவேயாகும். 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வரும்வரை இப்பகுதிக் கோப்பியை மலையிறக்கியவை மாட்டுவண்டிகளே.

வண்டிக்காரன் மொத்தப் பாரத்தை மட்டும் கருதியவனல்லன். பாரம் எங்கே அமர்கின்றது என்பதையும் கருதினான். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழ, பூட்டுக்கயிறு தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் பாரம் பின்னோக்கிச் சாய்வதனால் அவன் முன்னே நகர்ந்து அமர்வான். ஏட்டுக் கல்வியின்றியே உழைப்பினூடாகத் திரண்ட அறிவு இது.

மாட்டின் இடத்தில் உழவு இயந்திரம் வந்தபின்னரும் இப்பிரச்சினை நீங்கவில்லை. 1867 இல் வெளியான ‘மூலதனம்’ முதற்றொகுதியிலே மார்க்ஸ், இயந்திரத்தை இயக்கும் பகுதி, விசையைக் கடத்தும் பகுதி, வேலை செய்யும் பகுதி எனப் பிரித்துக் காட்டுவார். (கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டிலேதான்.) இணைப்புக் கொழுக்கி விசையைக் கடத்துவது, ஆயின் அது விசையை மட்டுமன்றிப் பாரத்தையும் கடத்துகின்றது. இழுக்கும் வலு வேறு, தாங்கும் வலு வேறு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இருசில்லுப் பெட்டியொன்று சுமையுடன் 3000 கிலோகிராம். அதன் பாரமையம் அச்சுக்கு 40 சென்ரிமீற்றர் முன்னே உள்ளது. கொழுக்கியோ அச்சிலிருந்து 3 மீற்றர் தூரத்தில். நெம்புகோல் விதிப்படி கொழுக்கியின்மீது 400 கிலோகிராம் விழும். இயந்திரத்தின் முன், பின் அச்சுகளுக்கிடையே 2 மீற்றரும், பின்னச்சுக்கும் கொழுக்கிக்கும் இடையே அரை மீற்றரும் இருப்பின், பின்னச்சு ஏற்பது 400 அன்று, 500. முன்னச்சு 100 கிலோகிராமை இழக்கின்றது. ஓரளவு பாரம் பின்சில்லுகளுக்குப் பிடிமானம் தரும் என்பது மெய்யே. அளவு மீறினாலோ முன்சில்லுகள் இலேசாகித் திருப்புகைக்கு இணங்கா. மலைப்பாதையின் வளைவில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இனி, அதே பெட்டியின் முன்புறத்தில் தலா 60 கிலோகிராம் நிறையுள்ள பத்துத் தொழிலாளர் ஏறி நிற்பதாகக் கொள்வோம். அச்சுக்கு ஒன்றரை மீற்றர் முன்னே அவர்கள் நிற்பின் கொழுக்கிப் பாரம் 700 ஆகும். அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னே நிற்பின் அது 200 ஆகக் குறையும். மொத்த நிறை இரு நிலைகளிலும் 3600 தான். முன்னதில் திருப்புகை தளரும். பின்னதில் பெட்டி பக்கவாட்டில் அலையத் தொடங்கும். மொத்த நிறையை மட்டும் நோக்கும் கணக்கு இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. கொழுந்தைக் கிலோகிராம் கணக்கில் நிறுத்துக் கூலியைத் தீர்மானிக்கும் தராசு, கொழுந்தின்மேல் அமர்ந்து செல்பவளின் உயிருக்கான அளவுகோலன்று.

வட அமெரிக்காவில் விடுமுறைப் பயணத்துக்கான வீட்டுவண்டிகளுக்கு, மொத்த நிறையின் 10 முதல் 15 வீதம் வரை கொழுக்கியில் அமையவேண்டும் என்பது பொது விதி. ஐரோப்பாவில் இது இன்னும் குறைவு. எவ்விடத்தும் இறுதி எல்லை வீதக்கணக்கன்று. கொழுக்கிக்கும் பின்னச்சுக்கும் உற்பத்தியாளர் விதித்த எல்லைகளுள் எது முதலில் எட்டப்படுகிறதோ அதுவே எல்லை. கொழுக்கிப் பாரம் இழுக்கும் வாகனத்தின் சொந்தச் சுமையாகவும் கணிக்கப்படல் வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான்.

அளப்பது கடினமன்று. வாகனத்தைத் தனியே நிறுவை மேடையில் நிறுத்தி நிறையைக் குறித்துக்கொள்க. பின்னர், சமதரையில், பெட்டியை இணைத்து, அதன் சில்லுகள் மேடைக்கு வெளியே நிற்க மீண்டும் நிறுக்க. இரண்டுக்குமுள்ள வேறுபாடே கொழுக்கிப் பாரம். மிகுந்திருப்பின் மூட்டைகளை அச்சை நோக்கி நகர்த்தலாம். ஆட்களைப் பெட்டியிலிருந்து இறக்குவதாயின் அவர்களுக்கு வேறு வாகனம் வேண்டும். அச்செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுவது என்பதிலேதான் வழக்குத் தொடங்கும்.