பழைய ஃபைல், புதிய கம்ப்யூட்டர்

விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுவது கேரளப் பள்ளிகளுக்குச் சாத்தியமானது. அலுவலகங்களுக்கு அது ஏன் அத்தனை சுலபமாக இல்லை?

கேரளத்தின் அரசுப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் பத்தாம் வகுப்பு மாணவிக்குப் பழைய ஃபைல் என்று எதுவும் கிடையாது. திரையில் வெள்ளைத் தாள். லிப்ரே ஆபிஸில் கடிதம் அடிக்கிறாள், கட்டம் போட்டு மதிப்பெண்களைக் கூட்டுகிறாள், சேமித்துவிட்டு எழுந்துபோகிறாள். வேர்டும் எக்ஸெலும் இல்லாமலே வேலை முடிந்துவிடுகிறது.

அரசு அலுவலகக் குமாஸ்தாவின் கதை வேறு. சம்பளப் பட்டியல், இடமாற்ற ஆணை, சுற்றறிக்கை என்று பல வருடங்களாக அடித்துச் சேர்த்தவை அவரது கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கின்றன. மாற்ற உத்தரவு வந்தால் அவருக்கு எழும் முதல் கேள்வி: "இதெல்லாம் அதில் திறக்குமா?"

கேரளப் பள்ளிகளின் மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடம் விண்டோஸில்தான் நடந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளை அரசுப் பாடத்திட்டமே விளம்பரம் செய்வதா என்று ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். மெதுவாக லினக்ஸ் உள்ளே வந்தது. 2008-ல் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது. பள்ளிக்கு ஒரு ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளராகப் பயிற்சி பெற்றிருந்ததால் சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தது.

மிச்சமான பணமும் கொஞ்சமல்ல. 2019-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பு வந்தபோது, அரசுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகியிருக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது. தொகையில் சர்ச்சை செய்ய இடமுண்டு. மிச்சம் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை.

ஆனால், பள்ளிகளுக்குப் பலமாக இருந்தது அந்த வெள்ளைத் தாள்தான். அது இல்லாத அலுவலகங்களில் சிக்கல் மூன்று இடங்களில் முளைக்கிறது. முதலாவது, பக்க அமைப்பு. வேர்டில் ஒரே பக்கத்தில் அடங்கிய படிவம் லிப்ரே ஆபிஸில் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். பல சமயங்களில் குற்றவாளி எழுத்துருதான். காலிப்ரிக்குப் பதிலாக அதே அகலமுள்ள கார்லிட்டோவை நிறுவினால் பாதித் தொல்லை தீரும். இரண்டாவது, மேக்ரோ. எக்ஸெலில் யாரோ எப்போதோ எழுதிவைத்த தானியங்கிக் கணக்குகள் லிப்ரே ஆபிஸில் அப்படியே ஓடும் என்று உத்தரவாதம் இல்லை.

மூன்றாவதுதான் இந்திய மொழிகளுக்கே உரிய தலைவலி. கேரள அலுவலகங்களில் ஐ.எஸ்.எம். எழுத்துருக்களில் அடித்த மலையாள ஆவணங்கள் ஏராளம். அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் மலையாள எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அரசாணை ஆங்கில உளறலாகத் தெரியும். வானவில், பாமினி எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஆபிஸ் மென்பொருளும் இதைத் தானாகச் சரிசெய்துவிடாது. யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை. அதை முதலில் முடித்தாக வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது என்ற வரிசையை பிரான்ஸின் ஜாண்டார்மெரி காவல் படை அழகாகக் கையாண்டது. 2005-ல் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ஓப்பன் ஆபிஸை மட்டும் புகுத்தினார்கள். பிறகு பிரவுசரையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றினார்கள். 2008-லிருந்துதான் லினக்ஸ் வந்தது. அதற்குள் காவலர்களின் கை புதிய மென்பொருள்களுக்குப் பழகிவிட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியோ 2003-ல் முடிவெடுத்து, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. ஊழியர்களின் புகார்களுக்கும் அரசியல் இழுபறிக்கும் இடையே, விண்டோஸுக்கே திரும்புவதென்று 2017-ல் தீர்மானித்தது.

இந்தக் கேள்வி இப்போது சிறிய அலுவலகங்களின் வாசலுக்கும் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. லினக்ஸுக்குப் போனால் மைக்ரோசாஃப்ட் ஆபிஸை நேரடியாக நிறுவ வழியில்லை, பிரவுசரில் மட்டுமே பயன்படுத்தலாம். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோவின் ஆபிஸ் தொகுப்பும் பிரவுசரில் இயங்குகிறது. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை அதைப் பயன்படுத்தச் சொன்னது. இந்த இரண்டுக்கும் இணைய இணைப்பு வேண்டும், ஃபைல்களும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊருக்கு லிப்ரே ஆபிஸே தோது.

தேர்ந்தெடுக்க ஒரு எளிய சோதனை உண்டு. அலுவலகத்தின் மிகச் சிக்கலான பத்து ஃபைல்களை எடுத்து, இருக்கிற விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸை நிறுவித் திறந்து பார்க்கலாம். காசு செலவில்லை. திருத்தி, சேமித்து, அச்செடுத்து, வெளியே ஒருவருக்கு அனுப்பித் திரும்ப வாங்கிப் பார்த்தால் ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். பத்தில் ஒன்பது தேறினால் மாறலாம். தேறாத அந்த ஒன்றுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இணைய இணைப்பைத் துண்டித்து மூலையில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சோதனைக்கான பத்து ஃபைல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அதிகாரியிடம் விடாமல் குமாஸ்தாவிடம் விடுவது நல்லது. எது திறக்காவிட்டால் மறுநாள் சம்பளம் நின்றுபோகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.