லோடு வண்டி வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு தாள் கேட்டு வாங்குங்க!

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கீரைக் கட்டு பத்து ரூபாய் என்று சொன்னால், "எட்டுக்குக் குடுங்க" என்று கேட்கிறவர்கள் மேல் நமக்கு வருத்தம் வரும். அதே நாம் எட்டு, ஒன்பது லட்சம் கொடுத்து லோடு வண்டி வாங்கப் போகும்போது என்ன செய்கிறோம்? ஷோரூம் ஏ.சி.யையும் டை கட்டிய தம்பியையும் பார்த்ததும் வாயடைத்துப் போய், அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

நானும் 2018இல் அப்படித்தான் செய்தேன். ஏழு வருடம் கழித்துப் போன டிசம்பரில் இரண்டாவது வண்டி வாங்கினோம். இந்தத் தடவை 53,500 ரூபாய் மிச்சமானது. சாமர்த்தியப் பேச்சு எதுவும் பேசவில்லை. விலையைப் பிரித்து எழுதித் தரச் சொன்னோம், அவ்வளவுதான். இயற்கை விவசாயிகள் பலர் இப்போது குழுவாகச் சேர்ந்து வண்டி வாங்குகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நடந்தது

நான் ஒட்டன்சத்திரம் பக்கம். தக்காளி, முருங்கை, கீரை. மார்க்கெட்டில் கமிஷன் போக மிஞ்சுவது கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்ததால், நேரடியாக விற்கலாம் என்று ஒரு சின்ன லோடு வண்டி வாங்கப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வியே, "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்பதுதான். 11,000, 12,000 முடியும் என்று சொல்லிவிட்டேன். அதோடு பேரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டி விலை, இன்சூரன்ஸ், சீட் கவர் எல்லாம் அந்த மாதத் தவணைக்குள் அடங்கும்படி எழுதப்பட்டன. மொத்தம் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை.

கடன் 4 லட்சம், 4 வருடம், வட்டி 9 சதவீதம் என்றார்கள். மாதம் 11,333 ரூபாய் கட்டினேன். கடன் முடிந்த பிறகுதான் என் அக்கா மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். "மாமா, இது ஃப்ளாட் வட்டி. நீங்க அசலைக் குறைச்சுக்கிட்டே வந்தாலும் முழு 4 லட்சத்துக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி போட்டிருக்காங்க. உண்மையில இது 16 சதவீதம்."

அதே 4 லட்சத்தை, மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் 10 சதவீதத்துக்கு வாங்கியிருந்தால் தவணை சுமார் 10,145 ரூபாய்தான். நாலு வருடத்தில் வித்தியாசம் சுமார் 57,000. 9ஐ விட 10 பெரிது என்று நினைத்து ஏமாந்தேன்.

ஆன்ரோடு விலைக்குள் என்ன இருக்கிறது?

ஷோரூமில் சொல்லும் 'ஆன்ரோடு விலை' பல தொகைகளின் கூட்டு. அதில் சிலது அசையாது, சிலது அசையும். எது எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எக்ஸ் ஷோரூம் விலை: இது கம்பெனி நிர்ணயிப்பது. ஜி.எஸ்.டி. இதற்குள் அடக்கம். சரக்கு வாகனங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. கம்பெனி அதை முழுதாகக் கழித்தால், பழைய விலையில் நூற்றுக்கு ஏழே முக்கால் ரூபாய்க்குச் சற்று மேல் குறைய வேண்டும். ஒரு ஷோரூமில் இதையே "ஜி.எஸ்.டி. ஆஃபர்" என்று தள்ளுபடிப் பட்டியலில் எழுதிக் காட்டினார்கள். வரியைக் குறைத்தது அரசு. அது ஷோரூம் தரும் தள்ளுபடி கிடையாது. அவர்கள் லாபத்திலிருந்து எவ்வளவு விடுகிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் அதை வரிக்கு ஈடாகக் கழிக்கலாம், வரி இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சாலை வரி, பதிவுக் கட்டணம்: அரசுக் கணக்கு, பேரம் கிடையாது. ஆனால் அரசு ரசீதில் உள்ள தொகையும் ஷோரூம் எழுதும் தொகையும் ஒன்றா என்று பாருங்கள். எங்களுக்கு 3,500 ரூபாய் கூடுதலாக இருந்தது. "ரசீதுப்படி போடுங்க" என்றதும் எடுத்துவிட்டார்கள்.

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். நம் வண்டிச் சேதத்துக்கான பகுதிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்களுக்கு அவர்கள் எழுதியது 54,000. வெளியே அதே காப்புக்கு 43,500. ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: இரண்டிலும் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குப் போட்ட மதிப்பு, ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டினால், வண்டி திருடு போகும் நாளில் நமக்குத்தான் நஷ்டம்.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக் சார்ஜ்: வண்டியை ஷோரூமுக்குக் கொண்டு வந்து துடைத்து நிறுத்துவது விற்கிறவர் வேலை. "இது எதுக்கு தம்பி?" என்று கேளுங்கள். எங்களுக்கு 8,500 எழுதியிருந்தார்கள். மூன்று தடவை கேட்டதும் போய்விட்டது.

ஆக்சஸரீஸ் பேக்கேஜ்: சீட் கவர், மேட், தார்ப்பாய், ஸ்டிக்கர் என்று 18,000. தார்ப்பாயும் மேட்டும் வெளியே 5,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டோம். ஸ்டிக்கர் இல்லாமலும் முருங்கைக்காய் சந்தைக்குப் போகிறது!

கூடுதல் வாரண்டி: எதற்கெல்லாம் பொருந்தும், எத்தனை கிலோமீட்டர் வரை என்று படித்துப் பார்த்து எடுங்கள். நாங்கள் எடுத்தோம்.

இன்னொன்று. எந்த வண்டி என்பதைப் பேரத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் வாரச் சுமை எத்தனை கிலோ? குட்டி யானை போதுமா, பெரிய பிக்கப் வேண்டுமா? சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. இதைத் தாண்டிய வண்டியைத் தலையில் கட்டினால், அந்தச் செலவும் கூடவே வரும்.

எப்போது போவது?

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். ஷோரூம்காரர்களுக்கோ மாதக் கடைசியில் இலக்கு இருக்கிறது. மார்கழியும் டிசம்பர் கடைசியும் சேர்ந்து வருவது நமக்கு நல்ல நேரம். ஜனவரி பிறந்தால் நிற்கிற வண்டி 'போன வருஷ வண்டி' ஆகிவிடும், அதனால் அவர்களுக்கு அவசரம்.

எங்கள் அம்மா, "மார்கழியில வண்டி வீட்டுக்கு வரக்கூடாது" என்று ஒரே பிடி. சரி என்று பேச்சையும் பில்லையும் டிசம்பரில் முடித்தோம். பதிவு முடிந்து நம்பர் வர எப்படியும் நாளாகும். தை பிறந்த பிறகு வண்டியை எடுத்து வந்தோம். அம்மாவுக்கும் திருப்தி, குழுவுக்கும் லாபம்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் விற்கிற எண்ணம் இருந்தால் போன வருடத் தயாரிப்பு நஷ்டம், மறுவிலை குறையும். பத்து வருடம் ஓட்டப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

பேசிய விதம்

ஆறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினோம். போனது இரண்டே பேர், பேசியது ஒருவர். அதே மாடல், அதே வகைக்கு மூன்று ஊர்களில் மூன்று கொட்டேஷன் வாங்கினோம். முதல் ஷோரூமில் தாள் கேட்டதுமே, "வண்டி எடுக்கிறதா உறுதி சொல்லுங்கய்யா, அப்புறம் மேனேஜர்கிட்ட பேசிக் குறைக்கிறேன்" என்றார் அந்தத் தம்பி. "ஒவ்வொண்ணையும் பிரிச்சு எழுதி, சீல் வெச்சுக் குடுங்க தம்பி. அதைப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும்" என்றேன்.

மாதத் தவணை பற்றிய கேள்வி மறுபடியும் வந்தது. "மொத்தம் முடிவாகட்டும், கடனை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டோம். விலையும் கடனும் பழைய வண்டியும் ஒரே பேச்சில் கலந்தால், ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கம் எடுத்துவிடுவார்கள்.

மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்ததும் எது எங்கே ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்து ஷோரூமுக்கே திரும்பப் போனோம், சர்வீஸுக்கு வசதி என்பதால். அவர்கள் தந்த தள்ளுபடி 12,000. நாங்கள் 30,000 கேட்டோம், ஹேண்ட்லிங்கும் பேக்கேஜும் வேண்டாம் என்றோம். "இந்த மொத்தத் தொகைன்னா இன்னைக்கே அட்வான்ஸ்" என்றோம். மேனேஜர் முடியாது என்றார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்து, தோட்டத்தில் மீன் அமிலம் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "வாங்கய்யா, முடிச்சுக்கலாம்."

எழுந்து வர முடியாதவரால் பேரம் பேச முடியாது. தக்காளி பறித்து வண்டியில் ஏற்றிவிட்டால் மார்க்கெட்டில் நம்மால் பேச முடியாமல் போவது அதனால்தானே? ஷோரூமில் அழுகப்போவது நம் சரக்கு இல்லை. காத்திருக்கலாம்.

மிச்சமான கணக்கு: தள்ளுபடியில் கூடுதல் 18,000, பேக்கேஜில் 13,000, இன்சூரன்ஸில் 10,500, ஹேண்ட்லிங் 8,500, பதிவுச் செலவில் 3,500. மொத்தம் 53,500.

பழைய வண்டியும் கடனும்

பழைய வண்டிக்கு ஷோரூமில் 1,20,000 தருவதாகவும், எக்ஸ்சேஞ்ச் போனஸ் 15,000 தருவதாகவும் சொன்னார்கள். போனஸ் என்ற சொல் இனித்தது. வெளியே விசாரித்ததில் 1,55,000க்குப் போனது. வெளியே விற்றால் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 கொடுத்து, ஆர்.சி. மாறியதை உறுதி செய்யும்வரை விடாதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டியின் வழக்கும் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

கடனுக்கு ஷோரூம் காட்டும் நிதி நிறுவனத்தோடு நிற்காமல், உங்கள் கணக்கு இருக்கிற வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் கேளுங்கள். கேட்க வேண்டியது மூன்று: வட்டி ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கா? கட்டணங்கள் என்னென்ன? அறுவடைப் பணம் வந்து முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா? ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். 2018இல் எனக்கு அந்தத் தாள் இருந்திருந்தால் 57,000 போயிருக்காது.

கையெழுத்துக்கு முன்

அட்வான்ஸைச் செக்காகவோ வங்கி வழியாகவோ ஷோரூம் கணக்குக்கே கட்டுங்கள். விற்பனைத் தம்பியின் சொந்த நம்பருக்கு அனுப்ப வேண்டாம். புக்கிங் ஃபாரத்தில் மொத்தத் தொகை, மாடல், நிறம், தயாரிப்பு மாதமும் வருடமும், டெலிவரி தேதி எல்லாம் எழுதி வாங்குங்கள். விற்பனைச் சான்றிதழான ஃபாரம் 21இல் அந்தத் தயாரிப்பு மாதம்தான் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். வண்டியை எடுக்கும் முன் சேஸிஸ் நம்பர், டயர், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் ஃபாரம் 35உம் வாங்கி, ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் பேரம் பேசுவது சரியா என்று எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி கேட்டது. நியாயமான கேள்வி. கீரைக்குப் பேரம் பேசினால் நமக்கு வலிக்கிறதே? எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நம் கீரைக் கட்டு விலைக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. விதைக்கு, ஆளுக்கு, தண்ணிக்கு எவ்வளவு என்று யார் கேட்டாலும் பிரித்துச் சொல்வோம். ஷோரூமிலும் அதையேதான் கேட்டோம். அந்தத் தம்பியும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர், அவரிடம் குரலை உயர்த்த வேண்டியதில்லை. வண்டி எடுத்த அன்று அவருக்கு ஒரு பை முருங்கைக்காய் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

53,500 ரூபாய் என்பது எங்கள் சந்தையில் 5,350 கட்டு கீரை. அத்தனையையும் விதைத்து, தண்ணி கட்டி, விடிகாலையில் பறித்துக் கட்டிய பெண்களின் இடுப்பு வலியை நினைத்தால், ஒரு தாள் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டியதே இல்லை.