புது கண்டன்சர் மைக்... ஆனால் குரலைவிட ஃபேன் சத்தம்தான் தூக்கலாக இருக்கிறதா? வீட்டிலேயே சரியாக செட் செய்வது எப்படி?

வாய்ஸ் ஓவர் வேலைக்கு சாம்பிள் அனுப்ப நாளைதான் கடைசி நாள். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து வாங்கிய கண்டன்சர் மைக் மேசை மேல் தயார். பேசி முடித்து ஹெட்போனில் கேட்டால்... சீலிங் ஃபேன், தெருவில் போகும் ஆட்டோ, பக்கத்து வீட்டு குக்கர் விசில் என எல்லாமே தெளிவாகக் கேட்கிறது. ‘இதுக்கு செல்போனே பரவாயில்லையே’ என்று தோன்றுகிறதா?

மைக்கில் கோளாறு இல்லை. அது தன் வேலையைத்தான் செய்கிறது. அந்த வேலை என்ன என்று புரிந்துகொண்டால், இன்னொரு மைக் வாங்கும் செலவு மிச்சம்.

கண்டன்சர் என்றால் என்ன?

கெபாசிட்டர் என்பதன் பழைய பெயர்தான் கண்டன்சர். மைக்கின் உள்ளே மிக மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னால் ஓர் உலோகத் தகடும் இருக்கும். ஒலி பட்டதும் சவ்வு அதிரும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மாறும். அந்த மாற்றமே மின் சிக்னல் ஆகிறது. 1916-ல் அமெரிக்கப் பொறியாளர் ஈ.சி.வென்டி உருவாக்கிய இந்த முறைதான் இன்றைய ஸ்டூடியோ மைக் வரை தொடர்கிறது.

மேடையில் பார்க்கும் டைனமிக் மைக்கில் சவ்வோடு சேர்ந்து ஒரு கம்பிச் சுருளும் அசைய வேண்டும். கண்டன்சரில் அந்தச் சுமை இல்லை. அதனால்தான் மூச்சு, உதடு பிரியும் சத்தம் வரை பிடிக்கிறது. ஃபேன் சத்தமும் அதே கணக்கில்தான் உள்ளே வருகிறது.

48 வோல்ட் ஏன்?

எக்ஸ்எல்ஆர் கேபிள் வகை கண்டன்சர் மைக்குக்கு வெளியில் இருந்து மின்சாரம் வேண்டும். இதற்குப் பெயர் பேன்டம் பவர். ஆடியோ இன்டர்ஃபேஸில் ‘48வி’ என்று இருக்கும் பட்டன்தான் அது. மைக் வேலையே செய்யவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த பட்டனைத்தான். யுஎஸ்பி மைக் என்றால் கவலை இல்லை, லேப்டாப்பில் இருந்தே எடுத்துக்கொள்ளும்.

வரிசை முக்கியம். கெய்னைக் குறைத்து, ஸ்பீக்கரை மியூட் செய்து, கேபிளைச் செருகிய பிறகு 48வி ஆன் செய்யுங்கள். கழற்றும்போது 48வி-யை முதலில் ஆஃப் செய்து, சில விநாடிகள் விட்டு கேபிளை எடுங்கள்.

எந்தப் பக்கம் பேச வேண்டும்?

பலர் செய்யும் தவறு, மைக்கின் உச்சியைப் பார்த்துப் பேசுவது. ஸ்டூடியோ கண்டன்சர்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் ஒலியை வாங்குபவை. பொதுவாக லோகோ இருக்கும் பக்கமே முன்பக்கம். தப்பான பக்கம் பேசினால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும்.

கார்டியாய்ட் வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். எனவே லேப்டாப், ஜன்னல் போன்றவை மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

ஒரு சாண் தூரம்

வாய்க்கும் மைக்குக்கும் இடையில் 15 முதல் 20 செ.மீ. போதும். சுமார் ஒரு சாண். இந்தத் தூரம் இரு மடங்கானால் நேரடியாக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆனால் அறையின் எதிரொலியும் ஃபேன் சத்தமும் குறையாது. தள்ளி உட்கார்ந்து கெய்னை ஏற்றினால் இரைச்சல் கூடுவது இதனால்தான்.

அதற்காக மிக நெருங்கினால் அடிக்குரல் கனத்து, ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். நடுவில் பாப் ஃபில்டர் வையுங்கள். மைக்கைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினாலும் பலன் உண்டு.

கெய்ன் எவ்வளவு?

பதிவில் பேசப்போகும் அதே சத்தத்தில் பேசிப் பாருங்கள். மீட்டரின் உச்சம் மைனஸ் 12-ல் இருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் சரி. பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடையும். பிறகு எந்த சாஃப்ட்வேராலும் அதை முழுதாக மீட்க முடியாது.

அறைதான் பாதி மைக்

வெறும் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் எதிரொலி அதிகம். துணி நிறைந்த அலமாரி முன்னால் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துங்கள், தரையில் போர்வை விரியுங்கள். ஃபோம், முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆட்டோ சத்தத்துக்கு ஜன்னலை மூடி, இரவில் பதிவு செய்வதே வழி. வேர்க்குமே என்றால், ஃபேனை நிறுத்தி ஐந்து நிமிடம் பதிவு, பிறகு ஃபேன் போட்டு இடைவேளை என்று பிரித்துக்கொள்ளலாம்.

டெஸ்ட் ஒன்று இருக்கு

வாயே திறக்காமல் 10 விநாடி பதிவு செய்து அளவைப் பாருங்கள். அமேசானின் ஆடியோ புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது. சாம்பிள் அனுப்பும் முன் உங்கள் அறை இதில் தேறுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

என்ன செய்தும் தேறவில்லையா? மெயின் ரோட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு டைனமிக் மைக்கே பொருத்தமாக இருக்கலாம். கெய்ன் கூடுதலாக வேண்டும், நெருங்கிப் பேச வேண்டும். ஆனால் அறைச் சத்தம் குறைவாகவே விழும். இது தரம் குறைந்த தேர்வும் அல்ல. 1982-ல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்ட ஷூர் எஸ்எம்7 ஒரு டைனமிக் மைக்தான்.

கண்டன்சரையே வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஈரப்பதமும் தூசியும் இதற்கு ஆகாது. கடலோர ஊர்களில் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு பெட்டியில் வைத்து மூடுங்கள்.